நீரும் நிலமும் முதுசொமே

மக்கள் அநுபவிக்கும் பொருள்கள் இருவகைப்படும். தம் முயற்சியால் ஈட்டியன ஒருவகை. முன்னோரிடமிருந்து வந்தடைந்தன மற்றொருவகை. யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கங்களைத் திரட்டி ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த தேசவழமை, முன்னதைத் தேடியதேட்டம் என்றும் பின்னதை முதுசொம் என்றும் வகுத்துக் கூறும். முதுசொம் பெற்றவர் அதனோடு வரும் கடனையும் ஏற்றல் வேண்டும் என்பது நம்மவர் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட நீதியாம். காணிக்கும் வீட்டிற்கும் இந்நீதியைச் செலுத்துகின்ற நாம், நிலத்தின்கீழ்க் கிடக்கும் நீருக்கும், அந்நிலத்தில் வாழும் வாயில்லாச் சீவன்களுக்கும் இதனைச் செலுத்துகின்றோமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

முதலில் நீரை நோக்குவோம். நம் தீவகத்தில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமக்கு ஆறும் ஏரியுமாம். அம்மழைநீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அதிக பாரமுடையது. ஆதலால், கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், அம்மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பௌதிக நூலார் கணக்கு. இதனைத் திருப்பி நோக்குக. மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர் 40 அடி எழுதற்கு இடமுண்டாம்.

துலாவினால் இறைத்த காலத்தில் இறைப்பவன் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரத்திற்குக் களைப்பில்லை. ஆதலின், முன்பு உடம்பு விதித்த எல்லையை இன்று அறிவே விதித்தல் வேண்டும். என் காணியிலுள்ள கிணறு என்னுடையதென்பது மெய்யே. ஆயினும் அதன் ஊற்று என் வேலியோடு நின்றுவிடுவதன்று. நான் மிகுதியாக இறைத்தால், அயலான் கிணறும் உவராதல் கூடும். பாறையின் வெடிப்பு மழைநீரை மாத்திரம் உள்ளே விடுவதில்லை. மலக்குழியின் அழுக்கையும், மிகையாக இட்ட உரத்தின் கரைவையும் விடும். ஆகவே இந்நீர் தேடியதேட்டமன்று. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லற்பாலதாகிய முதுசொம்.

இனி, அதனோடு வந்த கடனை நோக்குவோம். நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளை அறியாதார் இலர். போர்த்துக்கீசர் காலத்தும், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தும் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் சந்ததி அவை. கொண்டுவந்தோர் போயினர், குதிரைகள் நின்றன. கோடையில் குளங்கள் வற்றிப் புல் கருகும்போது, நீரின்றி மடிவனவும் உள.

“நம் மாடுகளுக்கே புல்லும் நீரும் போதாதிருக்க, ஒரு பயனும் தாராத குதிரைகளைக் காத்தல் எற்றுக்கு?” என்று சிலர் வினவுவர். இவ்வினா இகழத்தக்கதன்று, வறட்சியின் துயரை அறிந்தோர் வினாவே அஃது. ஆயினும் பயன் தருவதைப் பேணுதல் வாணிகம். பயன் தாராததையும், அது வேறு போக்கற்றது என்பதறிந்து பேணுதலே தருமம். நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலத்தில் அக்குதிரைகள் வேறெங்குச் செல்லும்? அவற்றைக் கொண்டுவந்தோர் நாமல்லேம். எனினும் நிலத்தைக் கைக்கொண்டோர் நாமே. நிலத்தை ஏற்றுக் கடனை மறுத்தல் முறையாகாது.

இது புதிய போதனையுமன்று. வழியோரங்களிற் கேணியும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, அவற்றின் மருங்கே ஆவுரஞ்சிக்கல் நட்ட நம் முன்னோர், “எவருடைய மாடு?” என்று வினவி நீர் வார்த்தாரல்லர். தினவெடுத்த மாடு உரசிக்கொள்ளவும் ஒரு கல் வேண்டுமென எண்ணிய உள்ளம் எத்துணை நுண்ணியது!

அரசாங்கமும் தன்னாலானதைச் செய்துளது. வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச்சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. நெடுந்தீவின் ஒரு பகுதி, 1,846 ஹெக்டயர் பரப்பு, 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் சட்டம், “கொல்லாதே” என விலக்க வல்லது. வற்றிய தொட்டியில் ஒரு குடம் நீர் வார்க்க வல்லதன்று. அதற்கு மக்கள் வேண்டும். அவருள்ளும் இளைஞர் வேண்டும்.

ஆசிரியர்காள்! இளைஞரை இத்துறையிற் பழக்குதல் நும் கையிலுள்ளது. ஆண்டிற்கொருநாள் மரநடுகை விழாக் கொண்டாடி, நட்ட கன்றை ஆவணி வெயிலிற் கருகவிடுதலால் பயனில்லை. பிள்ளைக்கு அறிவுரையினும் பொறுப்பே சிறந்த ஆசான். ஆதலின் ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒவ்வொன்றை ஒப்புவியுங்கள். ஒரு வகுப்பார் பெரியோர் துணையுடன் மாதந்தோறும் பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, உவரின் அளவையும் கருவிகொண்டு அறிந்து, கொப்பியிற் குறித்து வருக. பத்தாண்டுக் குறிப்பு ஊரார்முன் வைக்கத்தக்க சாட்சியாம். மற்றொரு வகுப்பார் மழைக்குமுன் பனங்கொட்டை ஊன்றுக. நட்டவர் அதன் பயனைக் காண நெடுங்காலம் செல்லும். அக்காரணத்தினாலேயே அது பிள்ளைகளுக்கு நல்ல பாடமாம். வளர்ந்த மாணாக்கர் கோடையிற் பெரியோருடன் கூடிக் குளத்தைத் தூரெடுக்கவும், தொட்டிகளை நிரப்பவும் துணை செய்க. மாரியில் நம் களப்புக்களை நாடிவரும் பறவைகளைக் கல்லெறிந்து கலைத்தலும் முட்டை கவர்தலும் விளையாட்டல்ல என்பதைச் சிறுவர்க்கு அன்போடு உணர்த்துக.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவிற்குத் தோணியேறிச் செல்லும் பிள்ளை, நீரை வீட்டுப் பாத்திரத்திற் கொண்டுசென்று, பிளாஸ்டிக் போத்தலைத் தீவில் எறியாது மீளுதலும் வழிபாட்டின் பகுதியே என்றறிக. கோயில் வீதியில் எறிந்த பொலித்தீனை உண்டு மாடு இறக்குமாயின், நாம் இட்ட அருச்சனையால் யாது பயன்?

இரக்கம் உள்ளத்திலே தோன்றுவது எளிது. அதனை அளவாகவும் வழக்கமாகவும் ஆக்குதலே அரிது. எடுக்கும் நீரை அளந்தெடுத்தலும், எடுத்ததில் ஒரு பங்கை வாயில்லாச் சீவனுக்கு வைத்தலுமாகிய இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் கைப்பழக்கமாகக் கொள்வாராயின், முதுசொம் குறைவின்றி அடுத்த தலைமுறையைச் சேரும். கடனும் முறையாகத் தீரும்.