சொட்டுவது யார் பொறுப்பு?

மன்னார்குடியில் அம்பாசிடர் வைத்திருப்பவரிடம் ஆயில் கசிவைப் பற்றிக் கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார். அது பாதி உண்மை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகுமரை போன்ற ஒரு காடிதான். எஞ்சின் ஓடும்போது அது ஆயிலை உள்ளே திருப்பிவிடும். எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுபோகும். சில சொட்டுகள் விழும்.

மறுபாதி வேறு. பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, கிடைத்த வழியிலெல்லாம் ஆயில் வெளியேறும். வால்வு கவர் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் கார்க் கேஸ்கட் நசுங்கி இன்னும் ஒழுகும். இதெல்லாம் பிறவிக் குணமில்லை, பராமரிப்புக் குறை.

"என் சுபாவமே அப்படித்தான்" என்று சொல்லும்போது நாமும் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறோம். எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து, ஓடவிட்டு, ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடினால்தான் எது எதுவென்று தெரியும். அப்படித் தேடிப் பார்க்காதவரை சுபாவம் என்பது வெறும் சாக்கு.

சரி, எல்லாம் செய்த பிறகும் சொட்டுகிறதே? அது நம் குற்றமில்லைதான். ஆனால் மழை பெய்தால் அந்த ஆயில் தெருவிலிருந்து வாய்க்காலுக்குப் போகும். இங்கே வாய்க்கால் போய்ச் சேர்வது யாரோ ஒருவர் வயலில். வண்டிக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது நம் வேலை.