தாயை அறியாத கண்

பெற்ற தாய் எதிரே நிற்கிறாள். முகம், நடை, உடை எதிலும் ஐயமில்லை என ஒப்புக்கொள்ளும் மகன், இவள் என் தாய் அல்லள், அவளைப்போல் வேடமிட்டு வந்தவள் என்கிறான். அதே தாய் தொலைபேசியில் பேசினால், குரலைக் கேட்டவுடன் மகிழ்ந்து "அம்மா" என்கிறான். இவனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

விபத்தில் தலையில் அடிபட்ட இத்தகைய இளைஞன் ஒருவனை ஆராய்ந்து 1997-இல் எழுதியவர் வி. எஸ். இராமச்சந்திரன். 1951-இல் பிறந்த தமிழரான இவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரானார். பார்வையே அவருடைய தொடக்ககால ஆய்வுப் பொருள். மேற்புறம் வெளுத்து, கீழ்ப்புறம் கறுத்த வட்டம் நமக்குப் புடைத்துத் தோன்றும். தாளைத் தலைகீழாகப் பிடித்தால் அதுவே குழியாகும். ஒளி மேலிருந்தே வருகிறது என்று மூளை நம்மைக் கேளாமலே கொள்கிறது. காண்பது கண் மட்டுமன்று.

அந்த இளைஞனின் நோய்க்கு, 1923-இல் அதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் காப்கிராவின் பெயரே வழங்குகிறது. (புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.) பழகிய முகத்தைக் கண்டால் நம் தோலில் நுண்ணிய வியர்வை மாற்றம் எழும், அவனிடம் அது எழவில்லை. முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சிப் பகுதிக்கும் இடையிலான வழி அறுந்திருக்க வேண்டும் என்பது இராமச்சந்திரனின் விளக்கம். முகம் தெரிகிறது, பாசம் எழவில்லை, ஆகவே அவள் தாயல்லள் என மூளை முடிவுகட்டுகிறது.

அப்படியானால் அன்பு வெறும் நரம்புதானா, ஆன்மா எங்கே என்று நம்மவர் சிலர் கலங்குவர். வீணை உடைந்தாலும் இசைஞன் நலமே என்று அவர்களுக்கு ஆறுதல் கூறுவதுண்டு. அழகான உவமைதான், ஆயினும் புனித தோமா அக்குவினாரின் போதனைக்கு அது ஒவ்வாது. ஆன்மா உடலில் குடியிருக்கும் விருந்தாளியன்று, அதன் உருவே என்றவர் அவர். மூளையில் பட்ட காயம் முழு மனிதன்மேல் பட்ட காயமே. ஆகவே அந்த மகன்மீது பாவமில்லை என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை என்பது நம் மறைக்கல்வியில் உள்ளதே.

கடினமான கேள்வி தந்தையைப் பற்றியது. இதுவரை உன்னோடிருந்த போலியை நான் சீனாவுக்கு அனுப்பிவிட்டேன், நானே உன் உண்மைத் தந்தை என்று அவர் மகனிடம் கூறிப்பார்த்தார். சில நாள்கள் அமைதி நிலவியது. பின்பு பழைய ஐயம் திரும்பியது. அவர் செய்தது பொய்யா? வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் அளிக்கும் சலுகையைப் புனித அகுஸ்தினார் அளிக்கமாட்டார். எத்தகைய பொய்யும் தகாது என்றவர் அவர். தன் மகனை ஏங்கி அழைத்த அந்தத் தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை. எனினும், பொய்மேல் எழுப்பிய உறவு எவ்வளவு நாள் நிற்கும் என்ற அகுஸ்தினாரின் பக்கத்து நியாயத்தையும் தள்ள இயலவில்லை.

இக்கேள்வி கலிபோர்னியாவோடு நிற்பதன்று. நினைவு மங்கிய முதியோருக்கு நற்கருணை வழங்க நாம் புதுவையின் வீடுகளுக்குச் செல்லும்போது, அது அடுக்களையிலேயே காத்திருக்கிறது. இறந்துபோன கணவர் இன்னும் வரவில்லையே என மாலைதோறும் வாசலைப் பார்க்கும் தாய் ஒருவருக்கு, வருவார் என்றும் சொல்லாமல், செத்துப்போனார் என்று நாள்தோறும் புதிதாய் அழவைக்காமலும், "அப்பாவை ரொம்பத் தேடுதா அம்மா? அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பக்கத்தில் அமர்கிறாள் மகள்.