கேளாமல் குடியேறிய பாட்டு

நேற்று ஓதிய பாடம் இன்று நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. ஆனால், இளம்பருவத்தில் வானொலியில் கேட்ட பற்பொடி விளம்பரப் பாட்டோ ஒரு சொல்லும் பிசகாமல் நிற்கிறது. அதனை எவரும் நமக்குப் பாடமாக வைத்ததில்லை; மனனம் செய்ய நாமும் விரும்பியதில்லை. விரும்பாமலே உள்ளத்தில் தங்கிவிட்ட ஒன்றுக்கு மனிதன் பொறுப்பாளியா? சிறிய வினாவாகத் தோன்றினும் இது சிந்தனைக்குரியது.

அகில இந்திய வானொலி 1967 வரை விளம்பரங்களை ஏற்றதில்லை. அதற்கு முன்னரே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு கடல் கடந்து தமிழகத்து இல்லங்களை எட்டியிருந்தது. 1967 நவம்பரில் விவித் பாரதியும் விளம்பரங்களுக்கு இடமளித்தது. கோபால் பல்பொடியும் லைஃப்பாய் சோப்பும் சிறுவர்களுக்குப் பாட்டாகவே அறிமுகமாயின. டிரான்சிஸ்டர் பெட்டி ஏறிய இடமெல்லாம், நாம் வாழும் இந்த ஜவ்வாது மலைச் சிற்றூர்கள் வரை, அவையும் ஏறின.

விளம்பரம் இயற்றியோர் புதிய வித்தை எதனையும் கண்டுவிடவில்லை. குறுகிய அடி, எதுகை, எளிய மெட்டு, மீண்டும் மீண்டும் ஒலித்தல் ஆகிய இவை ஆசிரியர்களின் பழைய கருவிகள். 1274இல் மறைந்த இப்னு மாலிக் (ரஹ்) அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் பாக்களில் 'அல்ஃபிய்யா'வாக யாத்ததும், ஔவையார் அறத்தை ஆத்திசூடியாக்கியதும், நம் பாட்டிமார் தாலாட்டிலும் முனாஜாத்திலும் மார்க்கத்தை ஊட்டியதும் இவ்வழியேதான். கருவி ஒன்றே, பயன் பெறுவோர் வேறு. அல்ஃபிய்யா மனனம் செய்தவனுக்கு உதவுகிறது. விளம்பரப் பாட்டோ பொருளை விற்பவனுக்கு உதவுகிறது. அங்கே மாணவன் அறிந்து ஆசானிடம் செல்கிறான். இங்கே குழந்தையின் செவி அறியாமலே வசப்படுகிறது.

"அதனால் தீங்கென்ன? கை கழுவும் பழக்கத்தை அப்பாட்டுகள் வளர்க்கவில்லையா? அயல்நாட்டில் வாழ்பவனுக்குத் தாய்வீட்டை அவை நினைவூட்டவில்லையா?" என்று கேட்கலாம். உண்மைதான். பாட்டு நினைவில் நிற்பது பாவமன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா' நூலில் உள்ளத்தின் நிலைகளை வகுத்துக் காட்டுகின்றார்கள். முதலில் எண்ணம் தோன்றுகிறது. அடுத்து நாட்டம் பிறக்கிறது. பின் உள்ளம் தீர்ப்பளிக்கிறது. இறுதியில் உறுதி கொள்கிறது. முதலிரண்டும் மனிதனின் விருப்பத்துக்கு உட்பட்டவை அல்ல என்பதால் அவற்றுக்கு அவன் குற்றவாளியல்லன். விளம்பரம் எண்ணமாக நுழைந்து நாட்டமாக வளர்கிறது. கடைவாசலில் நின்று, பழகிய பெயர் என்பதனாலேயே அப்பொருளை நல்லதென்று தீர்ப்பளிக்கும்போதுதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. பழகியது வேறு, நல்லது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் கணப்பொழுது நம் கையில் இருக்கிறது.

தம் செவிக்கே காவல் வைக்க இயலாத மக்களின் நிலை என்ன? இம்மலையிலுள்ள காவலூரில் வானாய்வு 1968இல் தொடங்கியது. நகர வெளிச்சத்துக்கு அப்பாற்பட்ட இருள் வேண்டுமென்றே இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நெடுந்தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஒளியைக் காண, அருகிலுள்ள வெளிச்சம் விலக வேண்டும். வீட்டிலும் அப்படியே. நாளில் சிறிது நேரமேனும் வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வாய்மூடட்டும். அந்த அமைதியில் தாயின் குரல் ஒலிக்கட்டும். தந்தை ஒரு நல்ல கதை சொல்லட்டும்.

நம் மக்கள் முதுமையில் தம்மையறியாமல் எதனை முணுமுணுக்கப் போகிறார்கள்? அதனை விற்பனையாளரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடலாமா? பெற்றோர் சிந்திப்பார்களாக!