அப்பாவிடம் கேட்டீர்களா?

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்.” பயாப்ஸி ரிப்போர்ட்டைச் சுருட்டிப் பிடித்தபடி மகன் உள்ளே கெஞ்சிக்கொண்டிருப்பான். வெளியே பெஞ்சில் அப்பா டோக்கன் சீட்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிறுநீரில் ரத்தத்தை முதலில் பார்த்தவர் அவர்தான். வலி இல்லை, உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்து நாளைத் தள்ளினார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி வலிக்காமல்தான் வருகிறது.

மறைக்கிற மகன் பாசத்தால்தான் மறைக்கிறான். திருக்குறளின் வாய்மை அதிகாரமும், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யை மெய்யின் வரிசையில் வைக்கிறது. ஆனால் எது நன்மை என்று யார் சொல்வது? மயக்க மருந்தில் இருந்த மகளின் அறுவைச் சிகிச்சைக்குத் தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனடி உயிராபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கும் அதே நியாயம்தான்.

இந்த நோயில் மறைப்பது நிலைக்கவும் நிலைக்காது. கட்டி தசைக்குள் இறங்காமல், திரும்ப வரும் அபாயம் மட்டும் அதிகமென்றால், அதைச் சுரண்டி எடுத்தபின் பிசிஜி மருந்தைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே கிருமி. வாரம் ஒருமுறை, 6 வாரம். 2 மணி நேரம் வரை அடக்கிவைத்திருக்க வேண்டியவர் அப்பா. அதன்பின் 6 மணி நேரத்துக்கு, அவர் சிறுநீர் கழித்த ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் திரவம் ஊற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். “சும்மா இன்ஃபெக்‌ஷன்தான்பா” என்ற மகன் அந்த பாட்டிலோடு வாசலில் நிற்கும்போது அவருக்குப் புரியாமலா போகும்? மகன் மனம் நோகக்கூடாதே என்று அவரும் ஒன்றும் தெரியாதவர்போல் இருந்துவிடுவார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே பயந்துகொண்டிருப்பார்கள்.

கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் முடிவு இன்னும் கனமானது. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டு வயிற்றில் துவாரம் அமைத்து, வெளியே பை ஒட்டலாம். தகுதியுள்ள சிலருக்கு கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து சிறுநீர்ப்பையைக் காப்பாற்றிப் பார்க்கலாம். துவாரம் என்றால், அறுவைக்கு முன் நர்ஸ் அவரை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி வயிற்றில் பேனாவால் குறி வைப்பார். வேட்டியை எங்கே இறுக்கிக் கட்டுவார் என்பதை அவரிடம்தானே கேட்க முடியும்?

“நீயே பாத்துக்கோப்பா” என்று சில அப்பாக்கள் ஒதுங்கிவிடுவார்கள். அப்படிச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டால் வருகிற கேள்விகள் மகனின் பட்டியலில் இருக்காது. எத்தனை வருஷம் தாங்கும் என்று மகன் கவலைப்படும்போது, “இந்தப் பையோட தொழலாமா?” என்பார் ஒரு முஸ்லிம் அப்பா. தொழலாம். சிறுநீர் நிற்காமல் கசிகிறவர் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதிதாக உளூ (தொழுகைக்கு முன் செய்யும் கழுவல்) செய்து தொழ, இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலமாகவே வழி சொல்லியிருக்கிறார்கள்.