பாதிச் சொல்லும் பொய்யாமையும்

பெருங்கொடுமை ஒன்றிலிருந்து உயிர் தப்பியவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும்போது, யாருடைய முகம் திரையில் வர வேண்டும் என்னும் வினா எழுகிறது. இது படம் எடுப்போர் கவலை என்று பலரும் ஒதுக்கிவிடுவர். பொய்யாமையை நோன்பாகக் கொண்ட நாம் அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. ஒருவரைக் காட்டி மற்றொருவரை மறைப்பதும் பொய்யின் ஒரு வகையே அன்றோ?

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதலில் 166 பேர் மாண்டனர். அவர்களுள் 58 பேர் சத்ரபதி சிவாஜி இரயில் நிலையத்தில் இறந்தவர்கள். வேறு எந்த ஓரிடத்திலும் அத்தனை உயிர்கள் போகவில்லை. ஊருக்குச் செல்ல வண்டியை எதிர்பார்த்திருந்த எளிய மக்கள் அவர்களுள் பலர். இந்துக்களும் இருந்தனர், இசுலாமியரும் இருந்தனர். ஆனால் தொலைக்காட்சியினரின் படக்கருவிகள் பெரும்பாலும் பெரிய விடுதிகளின் வாயிலிலேயே நின்றன. இன்றும் அத்தாக்குதல் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது தாஜ் விடுதியின் புகை சூழ்ந்த மாடமே. ஆகவே எல்லாச் சமயத்தாரும், ஏழையரும் செல்வரும் திரையில் இடம்பெற வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் முகங்களை எண்ணிச் சேர்த்துவிட்டால் போதுமா?

இதற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் தமிழகத்து விருதுநகர் மாவட்டமே போதும். பட்டாசு ஆலை வெடிப்பு பயங்கரவாதம் அன்று. அங்கே கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லை. எனினும் தீயிலிருந்து மீண்டவரின் துயரம் ஒன்றே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார் பலரும் அதில் உயிரிழந்தனர்.

படக்கருவி இப்பகுதிக்குப் புதியதன்று. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம், இங்கு உழைத்த சிறுவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் குறித்து விரிவான தீர்ப்பு வழங்கியதும் சிவகாசியை முன்னிட்டு எழுந்த வழக்கிலேதான். ஆதலின், துன்பத்தைப் படம்பிடிப்பதே தவறு என்று நாம் கூறவில்லை.

தீப்புண் ஆறிய கையோடு ஒரு பெண் படக்கருவியின் முன் அமர்வதாக எண்ணிப் பார்ப்போம். “இந்தத் தொழில் என் கையை எரித்தது” என்பாள். அடுத்த மூச்சிலேயே, “ஆலையை மூடிவிட்டால் என் வீட்டில் உலை வைக்க வழியில்லை” என்பாள். மழையை நம்பியிருக்கும் கரிசல் பூமியில் இவ்விரண்டும் உண்மையே. பட்டாசை எதிர்ப்பவர் முதற் சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாவதை வெட்டிவிடுவர். பட்டாசுக்காகப் பரிந்து பேசுபவர் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை வெட்டிவிடுவர். இரு படங்களிலும் அவள் முகம் இருக்கும், அவள் இருக்கமாட்டாள்.

ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு, ஒன்றை மட்டும் பற்றி அதுவே முழுமை என்பது பிழை என்று அநேகாந்தம் நமக்குக் கற்பிக்கிறது. தத்துவ வாதங்களுக்கு மட்டும் உரியதாக இதை நாம் எண்ணிவிடுகிறோம். துன்புற்ற ஒருவர் பேசும்போது இறுதிவரை கேட்பதும் அநேகாந்தமே.

மகாவீரர் வீடுபேறு அடைந்த தீபாவளி நாளில் நம் இல்லங்கள் பலவற்றில் விளக்கேற்றுகிறோம். சிற்றுயிர்களுக்கு இரங்கிப் பட்டாசைத் தவிர்க்கிறோம். அது நன்றே. ஆனால், “நாங்கள் வெடிப்பதில்லை, எங்களுக்கு அதில் பங்கில்லை” என்று அமைதி கொள்ளும்போது நாமும் அப்பெண்ணின் முதற் சொல்லை மட்டுமே கேட்டவர்கள் ஆகிறோம். பட்டாசு வேண்டாம் என்று சொல்லும் வாய், அவளுக்கு வேறு பிழைப்பு என்ன என்றும் கேட்க வேண்டும். அவள் பிள்ளையின் கல்விக்கு நாம் ஒரு பங்கு அளித்தாலும் அந்த இரண்டாம் சொல் நம் செவியில் விழுந்ததாகும். அதுவரை நம் கொல்லாமை நோன்பும் பாதி நோன்பே.