மிச்சமான நேரம் யார் கணக்கில்?

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதிகம் ஓய்வு கொடுத்த மெஷின் எது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் கிரைண்டர் என்பார்கள். உண்மையிலேயே கொடுத்ததா?

ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். அரிசி தனி, உளுந்து தனி. ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைக் குழிக்குள் தள்ளிவிடும். கொஞ்சம் பெரிய குடும்பம் என்றால் ஒரு மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். தோள்பட்டை விட்டுப்போகும். அதனால்தான் அன்றைக்குப் பல வீடுகளில் இட்லி என்பது தீபாவளி, பொங்கல், மாப்பிள்ளை வருகை போன்ற முக்கிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும். மற்ற நாள்களில் பழையசோறு, கூழ், கஞ்சி... யாரும் முகம் சுளிக்கவில்லை.

1950களில் கோயமுத்தூரில் கிரைண்டர் பிறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊரெல்லாம் பரவியது. 2011-ல் தமிழக அரசே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் என்ன நடந்தது? இட்லி, விசேஷத்திலிருந்து இறங்கி தினசரிக்கு வந்துவிட்டது. காலையில் இட்லி, ராத்திரி தோசை. ‘எனக்கு முறுகலா’, ‘எனக்கு வெங்காயம் போட்டு’ என்று ஆளுக்கொரு ஆர்டர். மிக்ஸிதான் இருக்கிறதே என்று சட்னி ரெண்டு வகை. எல்லோரும் சுடச்சுடச் சாப்பிட்டு எழுந்த பிறகு, தோசைக்கல்லின் முன்னால் நின்றவர் கடைசித் தோசையை ஆறிப்போய்ச் சாப்பிடுவார். மெஷின் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தது. மெனு அதைத் தின்றுவிட்டது!

இது நம்மூர் விவகாரம் மட்டுமல்ல. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அம்மாவுக்கு வேலை கூடிப்போனது என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். பழைய அமெரிக்க வீடுகளில் விறகு பிளப்பது ஆண்களின் வேலை. கேஸ் அடுப்பு வந்ததும் அந்த வேலை ஒழிந்தது. சமையல் ஒழியவில்லை. வாஷிங் மெஷின் வந்தது. உடனே சட்டையை அடிக்கடி மாற்றுவதுதான் சுத்தம் என்று ஆகிவிட்டது. மொத்தத்தில் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை குறைந்தது, அம்மாவுக்கு அப்படியே நின்றது.

பி.காம். சேர்ந்தவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும் என்பது. பணத்தில் இதை ஒழுங்காகப் பார்க்கிற நாம் நேரத்தில் பார்ப்பதில்லை. மிச்சமானது என்றால் யாருக்கு மிச்சமானது? யார் பெயரில் வரவு?

ஆபீஸுக்கும் இதே கேள்விதான். ஜான் மேனார்ட் கீன்ஸ் என்ற பொருளாதார மேதை 1930-ல் ஒரு கட்டுரை எழுதினார். நூறு வருஷத்தில் மனிதர்கள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தால் போதும், மீதி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பிரச்னையாக இருக்கும் என்றார். பாவம்! 2030 இதோ வந்தேவிட்டது. தபாலில் போய் வந்து பத்து நாள் ஆன பதில், இப்போது பத்து நொடியில் வருகிறது. அந்தப் பத்து நாளை யாராவது நமக்கு லீவாகக் கொடுத்தார்களா? அதற்குப் பதில் பத்து மடங்கு கடிதங்கள் வந்தன. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மேனேஜர் அனுப்புகிற ‘அர்ஜென்ட்’டும் அதில் சேர்த்தி.

செல்போனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அதற்கு அணைக்கிற பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் வேலை போய்விடுமோ என்கிற பயத்தை யாரும் தொழிற்சாலையில் தயாரிக்கவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டத்தில் சேர்த்தன. ‘இந்த நேரம் தொழிலாளியுடையது’ என்று எழுதிவைக்க ஒரு சட்டமே தேவைப்படுகிறது பாருங்கள்.

வீட்டுக்குள் அப்படி எந்தச் சட்டமும் வராது. மத்திய அரசு 2019-லும் 2024-லும், மக்கள் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் 2019-ல் நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். 2024-ல் அது 289. ஆண்கள்? 97-லிருந்து 88. அதாவது, இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் வந்து குவிந்த அத்தனை வசதிகளுக்கும் பிறகு அவர்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஏற்கெனவே குறைவாகச் செய்துகொண்டிருந்த நமக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்!

‘ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்தில் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள்’ என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அந்த மெசேஜை ஃபார்வர்டு செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வீட்டில் ஓர் ஆட்டுக்கல் வாங்கிப்போட்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே அரைத்துப் பார்க்கலாம். எனக்கு ஆட்டுக்கல் திரும்ப வர வேண்டாம். கிரைண்டர் வாங்கிய அன்றைக்கே நடந்திருக்க வேண்டிய பேச்சுவார்த்தை ஒன்று பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். இனி அரைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் நீ என்ன செய்யப்போகிறாய் என்று எந்தப் புருஷனாவது மனைவியிடம் கேட்டானா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, வங்கியில் வேலை. இப்போது கடையில் பாக்கெட் மாவுதான் வாங்குகிறார். ‘கடை மாவா?’ என்று மாமியாருக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை அரிசி களைகிற நேரத்தில் இப்போது என்னம்மா செய்கிறீர்கள் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஒண்ணும் பண்றதில்ல சார். மொட்டை மாடில போய் சும்மா உக்காந்திருப்பேன். வீட்ல கேட்டா, துணி எடுக்கப் போனேன்னு சொல்லிடுவேன்.”