அலைவீச்சும் மூன்று அளவைகளும்

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கேயுள்ள திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாரின் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியர், 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரில், அறிவு பெறும் வழிகளாகிய அளவைகளைப் பிறர் பத்துவரை விரித்தாலும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். மின்சுற்றில் உயர் அதிர்வெண் சிக்னலின் வீச்சை, அதாவது அலை தன் நடுநிலையிலிருந்து எட்டும் பெரும உயரத்தை, அளப்பவர் பெறுவது இம்மூன்றில் எது என்பது எளிதில் விடை கூறக்கூடிய வினா அன்று.

ஆசிலாஸ்கோப்பின் திரையில் அலை கண்ணுக்குத் தெரிவதால் அது காட்சி என்றே தோன்றும். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அளப்பதாகக் குறிக்கப்பட்ட கருவி, அந்த எல்லையிலேயே 1 வோல்ட் வீச்சை ஏறத்தாழ 0.7 வோல்ட்டாகக் காட்டும். ஏனெனில் திறன் பாதியாகக் குறையும் அதிர்வெண்ணையே எல்லை எனக் குறிப்பது தொழில் வழக்கு. சுற்றைத் தொடும் புரோபும் வாளா இருப்பதில்லை. நேர்மின்னோட்டத்துக்கு 10 மெகாஓம் தடையாக நிற்கும் அதே புரோப், 10 பிகோஃபாரட் மின்தேக்குதிறன் உடையதாயின், 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 160 ஓம் மறுப்பே காட்டுவதால், மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தானே இழுத்துக்கொண்டு, அளக்க வந்த வீச்சையே குறைத்துவிடுகிறது. அலையின் உச்சத்தை மின்தேக்கியில் பிடித்துவைக்கும் சிலிக்கான் டையோடோ அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் விழுங்கிவிட்டுத்தான் எஞ்சியதைச் சொல்லும். ஒன்றைப் பிறிதாக அறியும் இத்தகைய திரிவு நீங்கியதையே சித்தியார் மாசற்ற காட்சியாக ஏற்கிறது.

திரிவை நீக்க, மின்தடையில் எழும் வெப்பத்தை அளந்து அதிலிருந்து வீச்சைக் கணக்கிடுவதும் உண்டு. புகை கண்டு நெருப்பை அறிவதற்கு நிகரான கருதல் அது. அந்தக் கணக்கும் அளவுத்திருத்தச் சான்றிதழை நம்பியே நிற்கிறது. சான்றிதழோ புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் படித்தரங்களைச் சார்ந்தது. அளப்பவர் அவற்றை நேரில் சோதித்தவர் அல்லர். ஆகவே அறிவியல் காட்சியை மட்டும் நம்புகிறது, சமயம் உரையை மட்டும் நம்புகிறது என்னும் வழக்கமான பிரிப்பு அவசரமானது.

இதைக் கொண்டு சைவ நூல்கள் மின்னணுவியலை முன்னுணர்ந்தன என்று வாதிடுவது அதனினும் அவசரமானது. சித்தியார் கூறும் உரை மலமற்ற இறைவன் அருளியதாகலின் பிழைக்கு அப்பாற்பட்டது. சான்றிதழோ தன் பிழையின் எல்லையைத் தானே எண்ணால் எழுதி, காலந்தோறும் மறுசோதனைக்கு உட்படுகிறது. இரண்டும் உரையே ஆயினும் அவற்றின் அதிகாரம் ஒன்றன்று.